இருவருக்கான மேசை

ஆறு மாதம் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார் நீதிபதி.
யோசிப்பதற்கு முன் பசித்தது.
காலையில் நான் சாப்பிடவில்லை.
சோலைராஜும் சாப்பிட்டிருக்க மாட்டான்,
முகத்தைப் பார்த்தால் தெரியும் எனக்கு.
அது தெரிவதற்கு எதிராக
மனு எதுவும் போட முடியாது.

எங்கே போவது?
விளக்குத்தூண் ஜிகர்தண்டாவில்
முதல் பேச்சு இருக்கிறது.
முனிச்சாலை பரோட்டாக் கடையில்
அவன் தங்கை கல்யாணக் கடன்.
கீழவாசல் குடல்குழம்பில்
என் வளையலை அடகு வைத்த மத்தியானம்.
இந்த ஊரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும்
எங்களுக்கு முன்னாலேயே
ஒரு பழைய சண்டை
இலை போட்டு உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் எண்பதடி ரோட்டில்
இதுவரை போகாத மெக்சிகன் கடை.
எல் பாண்டியா.
சுவரில் தொப்பி வைத்த கள்ளிச்செடி.
நாகமலை அடிவாரத்தில்
ஆடுகூட எட்டி நிற்கிற
அதே சப்பாத்திக்கள்ளிதான்,
இங்கே மீசை வரைந்து மரியாதை செய்திருக்கிறார்கள்.

புதன்கிழமைக்கு அப்படியொரு கூட்டம்.
டியூஷன் பிள்ளைகள்,
ஷிப்டு முடிந்த நர்ஸுகள் எட்டுப் பேர்,
பிறந்தநாள் கிரீடத்தோடு
தாசில்தார் மாதிரி ஒருவர்.
டோக்கன் பதினேழு.
கோர்ட்டிலும் நமக்குப் பதினேழுதானே என்றான்.
பத்தொன்பது என்றேன்.
அதற்கு மேல் வாதாட
இருவரிடமும் தெம்பில்லை.

சட்டையில் 'கார்லோஸ்' என்று பெயர் குத்திய பையனை
அடுக்களைக்குள்ளிருந்து ஒரு குரல்
'டேய் ஒச்சு' என்றது.
உசிலம்பட்டியா தம்பி?
'ஆமாக்கா. அங்கிட்டு ஏசிக்குக் கீழ உக்காருங்க.'
இரண்டு நாற்காலி.
நடுவில் பகலிலும் எரிகிற மெழுகுவத்தி.

டாக்கோவைக் கௌரவமாகத் தின்ன முடியாது.
முழங்கையில் வழியும், மடியில் கொட்டும்,
கடித்த பக்கம் நிற்கும்,
கடிக்காத பக்கம் உடையும்.
ஒன்பது வருஷத்தில் நான் பார்க்காத ஒன்று:
சோலைராஜ் கழுத்தைச் சாய்த்து
கோழி மாதிரி ஒற்றைக் கண்ணால்
சாப்பாட்டைப் பார்த்தான்.
சிரித்துவிட்டேன்.
வக்கீலம்மா பார்த்திருந்தால் திட்டியிருப்பாள்.

காராமணிச் சுண்டலை
யாரோ கோபத்தில் மசித்ததுபோல் ஒரு பீன்ஸ்.
பச்சைச் சட்னியில் மட்டும் சரியான உறைப்பு.
'சல்சாக்கா' என்று திருத்தினான் ஒச்சு.
'நாந்தேன் அரைச்சேன்.'
இன்னொரு கிண்ணம் கேட்டோம்.

பிறகு அவனே ஒரு பிரவுனி கொண்டுவந்தான்,
மேலே கம்பி மத்தாப்பு குத்தி.
'கல்யாண நாள்தானக்கா?
நல்ல சேலை கட்டியிருக்கீக,
அண்ணன் இன் பண்ணியிருக்காரு.
இது கடை செலவு.'
கோர்ட்டுக்கென்று இஸ்திரி போட்ட சேலை.
இல்லையென்று சொல்ல வாயெடுப்பதற்குள்
நர்ஸுகள் கைதட்டிவிட்டார்கள்.
தட்டிய கைக்கு என்ன பதில் சொல்வது?
சோலைராஜ் எழுந்து நின்று கும்பிட்டான்.
தாசில்தார் தன் கிரீடத்தைத் தூக்கிக் காட்டினார்.
மத்தாப்பு அணையும்வரை
இருவரும் அதையே பார்த்திருந்தோம்.
பிரவுனி நன்றாகத்தான் இருந்தது.

பில் பாதி பாதி.
அவன் போனில், நான் ரொக்கமாக.
தட்டில் பாதிக்கு மேல் மிச்சம்.
'பார்சல் ஒண்ணாக் கட்டவாக்கா, தனித்தனியாவா?'
தனித்தனியா என்றோம்
ஒரே நேரத்தில்.
காலையில் நீதிபதி கேட்டபோது
நான் அரை நொடி பிந்தியிருந்தேன்.

பச்சைச் சல்சா ஒரு டப்பாதான் இருக்கிறதாம்.
முடிச்சுப் போட்ட இரண்டு பைகளில்
எதில் வைத்தான் என்று ஒச்சு சொல்லவில்லை.
ஹெல்மெட் ஒன்றுதான் இருக்கிறது என்றான் சோலைராஜ்,
நான் எதுவும் கேட்காமலேயே.

எனக்கு ஆனையூர் பஸ்.
நெரிசலில் கம்பியைப் பிடித்து நின்றபடி
பையின் அடியைத் தடவிப் பார்த்தேன்.
சூடு மட்டும்தான் தெரிந்தது.